பழைய ஹோண்டா சிட்டி கார் எந்த வருஷ மாடல் நல்ல மைலேஜ்? என்னுது 11ஐ தாண்ட மாட்டேங்குது

வலங்கை உரக்கடை:
வணக்கம் அண்ணன்மார்களே. ஊரு வலங்கைமான் பக்கத்துல ஒரு கிராமம், கடை கும்பகோணத்துல. அப்பா 2006ல ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ வாங்கி வச்சிருந்தாரு, அது கண்ண மூடிக்கிட்டு லிட்டருக்கு 16, 17 குடுக்கும், சென்னை போனா 18 கூட பாத்திருக்கோம். அதை வித்துட்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி 2010 மாடல் சிட்டி ஐ-விடெக் செகண்ட்ஸ்ல எடுத்தேன், மேனுவல் கியர், 92 ஆயிரம் ஓடுன வண்டி. பாக்க லட்சணம், இழுவைன்னா அப்படி ஒரு இழுவை, ஆனா பெட்ரோல குடிக்குது பாருங்க, கோயில் யானைக்கு தண்ணி காட்டுன மாதிரி. போன சித்திரை வரைக்கும் 13 பக்கம் வந்துக்கிட்டு இருந்துச்சு, இப்ப ஐப்பசில 11 கூட வரல. 2014க்கு மேல வந்த சிட்டி நல்லா குடுக்குதுங்கறாங்களே, இதை தள்ளிவிட்டுட்டு அதுக்கு போயிரலாமா? இல்ல 2012, 2013லயே ஏதாச்சும் வித்தியாசம் இருக்கா? வச்சிருக்கவங்க எந்த வருஷம் எவ்வளவு குடுக்குதுன்னு சொல்லுங்க.

மாயவரம் மைனர்:
சிட்டி வாங்குனவன் மைலேஜ் கேக்கலாமா தம்பி. மைலேஜ் வேணும்னா டிவிஎஸ் எக்ஸெல் இருக்கு, ரெண்டு மூட்டை உரமும் ஏத்திக்கலாம். என்கிட்டயும் சிட்டிதான், 15 வருது, நான் கணக்கெல்லாம் பாக்குறதில்ல.

பழைய பிளக் (தஞ்சாவூர்):
கணக்கே பாக்காம 15 வருதுன்னு எப்படி மைனரு தெரியும்.

உரக்கடை தம்பி, வருஷ வாரியா கேட்டதால சொல்றேன், நான் இந்த வண்டிங்களோட இருபது வருஷமா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். நம்ம நாட்டுக்கு சிட்டி வந்தது 1998ல, 1.3, 1.5னு ரெண்டு இன்ஜின். 2000 வாக்குல விடெக் இன்ஜின் வந்துச்சு, நூறு குதிரைக்கு மேல சக்தி, பசங்க பைத்தியமா அலைஞ்சாங்க. 2003 கடைசில உடம்பே மாறுச்சு, டால்பின் மூஞ்சின்னு சொல்லுவாங்களே அது, உங்க அப்பா வச்சிருந்தது. அதுல வந்த ஐ-டிஎஸ்ஐ இன்ஜின் வேற மாதிரி ஆளு. 1500 சிசி, ஆனா சக்தி 77 குதிரைதான், ஒரு சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, ரெண்டு பிளக்கு, ஆக நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக்கு. ரெண்டு பக்கமும் பொறி விழறதால பெட்ரோல் சீக்கிரம் முழுசா எரியும், கீழ் ஆர்பிஎம்ல அழகா இழுக்கும், மூணாவது கியர்ல மாட்டு வண்டி பின்னாடி கூட போவலாம். மைலேஜுக்குன்னே செஞ்ச இன்ஜின். அதுலயும் ஒரு வேடிக்கை, பிளக் மாத்த குடுத்தா பல பேரு முன்னாடி கை எட்டுற நாலை மட்டும் மாத்திட்டு எட்டுக்கும் காசு வாங்கிருவான், பின்னாடி நாலு கம்பெனில போட்டதாவே கெடக்கும்.

2008 கடைசில வந்தது உங்க இப்போதைய வண்டி. பதினாறு வால்வு, ஐ-விடெக், 118 பிஎஸ். அப்பா வண்டிய விட பாதிக்கு மேல கூடுதல் சக்தி, அந்த சக்திய கால்ல தேடுனா பெட்ரோல்தான் பதில் சொல்லும். ஏஆர்ஏஐ கணக்கு, அதான் வண்டிய சோதிச்சு மைலேஜ் சான்று குடுக்குற அமைப்போட கணக்கு, மேனுவலுக்கு 16.8. 2014 ஜனவரில அடுத்த உடம்பு, பெட்ரோல் மேனுவல் 17.8, சிவிடி (கியர் படியே இல்லாத ஆட்டோமேட்டிக்) 18, கூடவே மொத தடவையா டீசல், அதுக்கு 26னு போட்டான். 2020ல வந்ததுலயும் பெட்ரோல் மேனுவலுக்கு அதே 17.8தான். இப்ப நீங்களே பாருங்க, 16.8க்கும் 17.8க்கும் நடுவுல ஒரே ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு கிலோமீட்டருக்காக வண்டிய மாத்துவீங்களா. ஆட்டோமேட்டிக் வேணும்ங்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு, 2008லேர்ந்து 2013 வரைக்கும் வந்தது பழைய டைப் அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக், அது பெட்ரோல் கொஞ்சம் கூட கேக்கும், சிவிடி 2014லதான் திரும்பி வந்துச்சு. மேனுவல் வச்சிருக்க உங்களுக்கு அந்த கவலையும் இல்ல.

உங்க பிரச்சினை மாடல் இல்ல. 13 குடுத்த வண்டி ஆறு மாசத்துல 11க்கு கீழ வருதுன்னா வருஷமா மாறிப்போச்சு? வேற என்னமோ மாறியிருக்கு.

டீசல் மட்டும் (திருவாரூர்):
நான் 2015 டீசல் சிட்டி வச்சிருக்கேன், திருவாரூர் டூ சென்னை 21, ஊருக்குள்ள 17. 26லாம் கனவுல வரும். பெட்ரோல் வண்டிக்காரங்க எல்லாரும் வந்து என் வண்டிக்கு ஒரு மாலை போட்டுட்டு போங்க.

வலங்கை உரக்கடை:
பழைய பிளக் அண்ணே ரொம்ப நன்றி, எட்டு பிளக்கு விஷயம் அப்பாகிட்ட சொன்னேன், அவரு நெத்தில அடிச்சிக்கிட்டாரு. ஆனா அண்ணே ஏஆர்ஏஐ 16.8ங்கறான், எனக்கு 11 கூட வரலயே, அது எப்படி அவனுக்கு மட்டும் வருது.

வேதியியல் வாத்தி (மன்னார்குடி):
அது ரோட்டுல ஓட்டி பாத்ததே இல்ல தம்பி. வண்டிய உருளை மேல நிறுத்தி, சக்கரம் மட்டும் சுத்த, ஏசி போடாம, இருபது நிமிஷத்துக்கு கொஞ்சம் குறைச்சலா ஒரு அட்டவணைப்படி ஓட்டுவாங்க, அதுல அதிகபட்ச வேகமே 90தான், சராசரி போட்டா 30 சொச்சம். எதிர்ல மினி பஸ்ஸு வராது, ரோட்டுல நெல்லு காயாது, பின்சீட்டுல மாமியார் இருக்க மாட்டாங்க. ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் ஒப்பிட அந்த எண்ணு உதவும், உங்க பாக்கெட்டுக்கு உதவாது. பொதுவா அதுல நாலுல மூணு பங்கு வந்தா வண்டி நல்லா இருக்குன்னு நான் வச்சுக்குவேன், 16.8க்கு 12.5லேர்ந்து 13 வருது பாருங்க, நீங்க சித்திரைல சொன்ன கணக்கு அதேதான்.

முதல்ல ஒரு கேள்வி. இந்த 11ஐ எப்படி அளந்தீங்க?

வலங்கை உரக்கடை:
500 ரூபாக்கு போடுவேன் சார், ரிசர்வ் லைட்டு வந்ததும் எவ்வளவு ஓடிருக்குன்னு பாப்பேன்.

வேதியியல் வாத்தி (மன்னார்குடி):
சரியா போச்சு. ரிசர்வ் லைட்டு மேடு பள்ளத்துக்கு ஒரு மாதிரி எரியும், 500 ரூபா பெட்ரோல்ங்கறது அஞ்சு லிட்டரு கூட இல்ல, அதுல அரை லிட்டர் தப்புன்னா மைலேஜ் ஒரு கிலோமீட்டருக்கு மேல ஆடும். ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபுல் டேங்க் போடுங்க, ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க, முக்கால் டேங்க் ஓட்டிட்டு அதே பங்குல அதே பம்புல திரும்ப ஆட்டோ கட் வரைக்கும் போடுங்க, ஓடுன தூரத்த ரெண்டாவது போட்ட லிட்டரால வகுங்க. தளும்ப தளும்ப ஊத்தச் சொல்லாதீங்க. வண்டி டிஸ்ப்ளேல காட்டுற ஆவரேஜையும் நம்பாதீங்க, என் வண்டில அது எப்பவும் ஒரு கிலோமீட்டர் கூட்டிதான் சொல்லும்.

கேட்டு போட்டாச்சு (நீடாமங்கலம்):
எங்க ஊரு ரயில்வே கேட்டுல நின்னு பாருங்க சார் எந்த கணக்கும் செல்லாது. நான் டெய்லி தஞ்சாவூர் போறவன், கேட்டு போட்டா சில நாளு முறுக்கு ஒரு பாக்கெட் தீந்துரும். ஏசி போட்டு ஆன்லயே நின்னா இந்த மாதிரி 1500 சிசி வண்டி ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேல குடிக்கும், ஒரு இன்ச்சு கூட நகராம. இருவது நிமிஷம்னா கால் லிட்டர் போச்சு, அது மூணு கிலோமீட்டர் தூரம். நான் இப்பல்லாம் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஜன்னல இறக்கிருவேன், கொசு கடிச்சாலும் பரவால்ல.

பட்டுக்கோட்டை 15 இன்ச்:
உரக்கடை தம்பி டயர் மாத்துனீங்களா? நான் 2011 சிட்டிக்கு 175/65 இருந்த எடத்துல 195/65 போட்டேன், கெத்தா இருக்கும்னு. மைலேஜ் 13லேர்ந்து 12க்கு வந்துருச்சு, ஆளாளுக்கு இன்ஜின கழட்ட சொன்னாங்க. அப்புறம்தான் ஒருத்தர் கணக்கு போட்டு காட்டுனாரு, டயரு விட்டம் 4 சதவீதம் பெருசு, நெசமா 100 கிலோமீட்டர் போனா மீட்டர் 96னு காட்டும். குறைஞ்சதுல பாதி நெசத்துல போகவே இல்ல, மீட்டர்தான் குறைச்சு சொல்லிச்சு. மீதி பாதி நெசமாவே போச்சு, அகல டயரு கனம்.

வலங்கை உரக்கடை:
டயரு அதே 175தான் அண்ணே, ஒரு வருஷம்தான் ஆவுது. காத்து 30 பாயிண்ட்.

கடலோரம் (நாகப்பட்டினம்):
எல்லாரும் சுத்தி சுத்தி வரீங்க, விஷயம் பெட்ரோல்ல இருக்கு. இப்ப பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 20 சதவீதம் சாராயம்னா 20 சதவீதம் மைலேஜ் அவுட்டு, 13ல 20 சதவீதம் போனா பத்தரை. கணக்கு டேலி ஆயிடுச்சு, வீட்டுக்கு போங்க.

வேதியியல் வாத்தி (மன்னார்குடி):
இதை கிளாஸ்ல எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன் கடலோரம், கோச்சுக்காதீங்க. எத்தனால் ஒண்ணும் தண்ணி இல்ல, அதுவும் எரியற சரக்குதான். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகாஜூல் வெப்பம்னா ஒரு லிட்டர் எத்தனால்ல 21, அதாவது மூணுல ரெண்டு பங்கு. அப்ப 20 சதவீதம் கலந்தா குறையறது 20ல மூணுல ஒரு பங்கு, 7 சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மி. அதுவும் சுத்த பெட்ரோலோட ஒப்பிட்டா. 2022லயே நாடு முழுக்க 10 சதவீதம் கலந்தாச்சு, அப்பவே மூணரை போயிருச்சு, இப்ப புதுசா போனது இன்னொரு மூணரை. நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கைலயும் எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு செஞ்சு 10 சதவீதத்துக்கு ட்யூன் பண்ண கார்ல 6லேர்ந்து 7 சதவீதம் குறையும்னுதான் இருக்கு. 13ல 7 சதவீதம்னா ஒரு கிலோமீட்டர் கூட இல்ல, 12க்கு மேல வரணும். மீதி எங்க போச்சுங்கறதுதான் கேள்வி.

2010 மாடல் வண்டிக்கு எத்தனால்ல நான் பயப்படறது மைலேஜுக்கு இல்ல, ரப்பருக்கு. பழைய ஹோஸ், வாஷர் எல்லாம் இந்த கலவைக்குன்னு செஞ்சது இல்ல, வருஷம் ஒரு தடவ தொட்டு பாத்துக்கணும். எத்தனால் ஈரத்த உறிஞ்சும், மழை காலத்துல வாரக்கணக்குல வண்டிய நிறுத்துறவங்க டேங்க கால்வாசில விடாதீங்க. இன்னொரு வேடிக்கை, கரும்பு, மக்காச்சோளத்தோட அரசு கிடங்கு அரிசியும் எத்தனாலுக்கு போவுது. டிபிசில (அரசு நெல் கொள்முதல் நிலையத்துல) மூட்டைய வச்சிக்கிட்டு தார்பாய் போத்தி வாரக்கணக்குல காத்து கெடக்கோம், அந்த நெல்லே சுத்திக்கிட்டு நம்ம வண்டி டேங்குக்கு வந்தாலும் வரும்.

கடலோரம் (நாகப்பட்டினம்):
சரி சார், முட்டைய வாங்கிக்கிறேன். ஆனா அறுப்பு மிஷின் தூசில ஏர் பில்டர் அடைச்சாலும் மைலேஜ் போவும்ல?

பழைய பிளக் (தஞ்சாவூர்):
அம்பாசிடர்ல போவும், கார்ப்ரேட்டர் வண்டில காத்து குறைஞ்சா பெட்ரோல் கூடிரும். இந்த வண்டிங்கள்ல காத்தை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுது, பில்டர் அடைச்சா இழுவை சாவும், மைலேஜ் பெருசா அசையாது. ஆனாலும் அறுப்பு முடிஞ்சதும் தட்டி போடுங்க. ரோட்டுல காய போட்ட வைக்கோல் மேல ஏத்தி வண்டிய நிறுத்துறது மட்டும் வேணவே வேணாம், சைலன்சர் சூட்டுல பத்திக்கும்.

வலங்கை உரக்கடை:
வாத்தி சார் சொன்ன மாதிரி டேங்க் டூ டேங்க் பாத்துட்டேன். பத்து நாளு ஆச்சு. 341 கிலோமீட்டர், 32.1 லிட்டர், 10.6 வருது. வயித்த கலக்குது. கும்பகோணத்துல ஒருத்தர் 2015 பெட்ரோல் சிட்டி தரேங்கறாரு, என் வண்டிய குடுத்தது போக மேல ரெண்டரை லட்சம் கேக்கறாரு.

வேதியியல் வாத்தி (மன்னார்குடி):
மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க? ஆயிரம் கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். 10.6ல 94 லிட்டர், அந்த வண்டி 14 குடுத்தா 71 லிட்டர், மிச்சம் 23 லிட்டர், இன்னிக்கு விலைக்கு 2300 ரூபா. ரெண்டரை லட்சத்த அதால வகுங்க, 108 மாசம், ஒம்போது வருஷம். அதுக்குள்ள உங்க வண்டிக்கு எஃப்சி புதுப்பிக்கிற செலவு வரும்ங்கறது வேற, 2010னா 15 வருஷம் முடியுது, அதை மட்டும் கணக்குல சேத்துக்கங்க.

பழைய பிளக் (தஞ்சாவூர்):
வாங்காதீங்க, இருங்க. நாலு கேள்வி. சித்திரைக்கு அப்புறம் வண்டில என்ன வேலை பாத்தீங்க? பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கி நாலு வீலையும் தொட்டு பாத்தீங்களா, ஏதாச்சும் ஒண்ணு மட்டும் கொதிக்குதா? சமதளத்துல நியூட்ரல்ல தள்ளுனா ஒத்த ஆளுக்கு நகருதா? கடைசியா, காலைல வண்டி எடுக்கும்போது மீட்டர்ல நீல கலர்ல ஒரு லைட்டு எரியும் பாருங்க, அது எத்தனை கிலோமீட்டர்ல அணையுது?

வலங்கை உரக்கடை:
வீலு சூடு இல்லண்ணே, தள்ளுனா நகருது. வேலைன்னா, வைகாசில தஞ்சாவூர் போறப்ப அய்யம்பேட்டை கிட்ட ஹீட் ஆகி நின்னுச்சு, ரேடியேட்டர் ஃபேன் ஓடல. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட குடுத்தேன், ஃபேன் மோட்டார் மாத்தி குடுத்தாரு, இனிமே ஜென்மத்துக்கும் ஹீட் ஆவாதுன்னு சொன்னாரு. அதே மாதிரி ஆகவே இல்ல. நீல லைட்டா, அது ஏசி லைட்டுன்னுல நெனச்சேன், அது எரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும், மழை நாள்ல கும்பகோணம் போற வரைக்கும் கூட இருக்கும்.

பழைய பிளக் (தஞ்சாவூர்):
மாட்டிக்கிச்சு. ஜென்மத்துக்கும் ஹீட் ஆவாதுன்னா தெர்மோஸ்டாட் வால்வ புடுங்கி போட்டுட்டாரு.

தம்பி இதை பொறுமையா படிங்க. அந்த நீல லைட்டு ஏசி இல்ல, இன்ஜின் இன்னும் ஜில்லுனு இருக்குன்னு சொல்ற லைட்டு. உங்க மாடல்ல சூட்டை காட்ட முள்ளு கிடையாது, ஜில்லுன்னா நீலம், கொதிச்சா சிவப்பு, நடுவுல ஒண்ணுமில்ல. நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர்ல அது அணைஞ்சிரணும். இன்ஜின் சீக்கிரம் சூடாகட்டும்னுதான் அந்த வால்வு கூலண்ட, அதான் இன்ஜின ஆத்துற தண்ணிய, ரேடியேட்டருக்கு போக விடாம பிடிச்சு வச்சிருக்கும், 80 டிகிரி கிட்ட வந்ததும் வழி விடும். நம்ம வாய்க்கால்ல மதகு மாதிரி. மதகையே புடுங்கிட்டா மேட்டூர் தண்ணி என்ன ஆவும், நிக்காம ஓடும். உங்க இன்ஜின் எப்பவும் குளிச்சிக்கிட்டே இருக்கு. ஜில்லுனு இருக்குன்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டி கூட்டி விடுது, ஆயிலும் கெட்டியா நின்னு இழுக்குது. அதுலயும் நீங்க கிராமத்துலேர்ந்து கடைக்கு பத்து கிலோமீட்டர் ஓட்டுற ஆளு, சூடாகுறதுக்குள்ள இறங்கிருவீங்க. இது நம்ம பக்கம் பழைய பழக்கம், அம்பாசிடர் காலத்துலேர்ந்து வால்வ கழட்டுறதுதான் கைவைத்தியம்.

ஓபிடி ஸ்கேனர், அதான் வண்டி கம்ப்யூட்டர் சொல்ற அளவ படிக்கிற கருவி, யார்கிட்டயாவது இருந்தா சொருகி கூலண்ட் சூடு எவ்வளவுன்னு பாருங்க.

மாயவரம் மைனர்:
மதகு உதாரணத்துக்கே ஒரு டீ வாங்கித்தரணும் இவருக்கு.

கடலோரம் (நாகப்பட்டினம்):
ரேடியேட்டர் மூடிய தொறந்து (ஆறுன பிறகு தொறங்க) கூலண்ட் கலர் இருக்கா, வெறும் போர் தண்ணியான்னும் பாருங்க தம்பி. எங்க பக்கம் போர் தண்ணி உப்பு, அதை ஊத்துனா ரெண்டு வருஷத்துல ரேடியேட்டர் உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும்.

வலங்கை உரக்கடை:
அண்ணே கால தொட்டு கும்பிடணும். தஞ்சாவூர்ல கூட்டாளி ஒருத்தன் ஸ்கேனர் சொருகி பாத்தான், நாலு வழி ரோட்டுல செங்கிப்பட்டி வரைக்கும் 80ல ஓட்டியும் 61 டிகிரிய தாண்டல. கழட்டி பாத்தா வால்வு இருக்க வேண்டிய எடம் காலி, உள்ள வெறும் தண்ணி. புது வால்வு, கூலண்ட், கூலி எல்லாம் சேத்து 3 ஆயிரத்துக்கு கொஞ்சம் மேல. இப்ப நீல லைட்டு எங்க தெரு முக்கு தாண்டி பெட்டிக்கடை வர்றதுக்குள்ள அணையுது. அந்த மெக்கானிக்க கேட்டேன், "ஹீட் ஆச்சா இல்லியா"ன்னு என்னையே திருப்பி கேக்கறாரு.

வலங்கை உரக்கடை:
மூணு வாரம் கழிச்சு சொல்றேன். மொத டேங்க் 398 கிலோமீட்டர், 29.4 லிட்டர், 13.5. பொண்ண திருச்சி காலேஜ்ல விட்டுட்டு வந்த டேங்க்ல ஏசி போட்டு 80, 85ல பிடிச்சு 16.1. காத்தும் 32 பாயிண்ட் வச்சுட்டேன். 2015 வண்டி வேணாம்னு சொல்லியாச்சு. அப்பாதான் விடமாட்டேங்கறாரு, "அப்பயும் என் ஐ-டிஎஸ்ஐ தான்டா 17"ங்கறாரு.

வேதியியல் வாத்தி (மன்னார்குடி):
அவரு ஓட்டுனது எத்தனால் பெருசா கலக்காத காலத்து பெட்ரோல்னு சொல்லுங்க, 16.1ஓட 7 சதவீதம் சேத்தா 17.2 வருது. அப்பாவும் புள்ளையும் சமாதானமா போங்க.

டீசல் மட்டும் (திருவாரூர்):
21.

மாயவரம் மைனர்:
பழைய பிளக் அண்ணே, நான் இதெல்லாம் படிச்சிட்டு பயந்து போய் என் வண்டிய பாத்தேன். காலைல ஜில்லுனு ஸ்டார்ட் பண்ணியும் நீல லைட்டே எரியல. வால்வு அடைச்சிக்கிச்சா?

பழைய பிளக் (தஞ்சாவூர்):
என்ன மாடல் மைனரு?

மாயவரம் மைனர்:
2002.

பழைய பிளக் (தஞ்சாவூர்):
அதுல நீல லைட்டே கிடையாதுய்யா. முள்ளு இருக்கும், அதை பாரு.